ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சமன்பாடு

ஆளைப் பார்ப்பதற்கு முன்பே ஜாக்சனுக்குச் செருப்புச் சத்தம் தெரிந்துவிட்டது. இடது கால் செருப்பு தரையை லேசாக உரசிவிட்டுத்தான் எழும். பத்தொன்பது வருஷமாகக் கேட்கிற சத்தம். வராந்தாவின் அந்தக் கோடியில் கிளம்பியது, ஐந்தாம் எண் அறையைத் தாண்டியது, ஆறைத் தாண்டியது, அவன் வேளாங்கண்ணி மாதாவைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் ஏழாம் எண் அறையின் வாசலுக்கு வந்து நின்றது. காலை பத்துக்கு ஐந்து நிமிஷம். ராயப்பேட்டையில் ஒரு பழைய பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்புத் துணைத்தேர்வு, அறிவியல் தாள். மூன்றாவது வரிசையில், கடைசிக்கு முந்தின பெஞ்சில், வானநீலக் கம்பெனிச் சட்டையோடு, நாற்பத்தாறு வயதில் தேர்வெழுத உட்கார்ந்திருந்தான் ஜாக்சன். அறைக் கண்காணிப்பாளராக உள்ளே வந்தது அவன் மனைவி ஐவி.

அவள் அவனைப் பார்க்கவில்லை. மார்போடு அணைத்திருந்த விடைத்தாள் கட்டை மேஜைமேல் வைத்தாள், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாள், கரும்பலகையில் அறை எண்ணையும் தேதியையும் எழுதத் திரும்பினாள். அதற்குள் ஜாக்சன் குனிந்து ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்திருந்தான். அவன் போட்டிருந்தது நாடா இல்லாத ஷூ. முன் பெஞ்சில் இருந்த பாஞ்சாலி திரும்பிப் பார்த்தாள். கண்ணகி நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். அங்கன்வாடியில் வேலைக்கு இந்தச் சான்றிதழ் வேண்டுமாம். வெளியே மரத்தடியில் காத்திருந்தபோது அவளாகவே சொல்லியிருந்தாள்.

"இன்னா சார், இல்லாத நாடாவ கட்டிகினு கீற? பத்தாவதுதான சார், ஐஏஎஸ்ஸா?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா."

"பாத்தா நல்ல டீச்சராதான் தெரியுது. பயப்படாத எழுது."

நல்ல டீச்சர்தான். அது ஜாக்சனுக்குத் தெரியாதா என்ன.

இப்படி ஆகக்கூடாது என்பதற்காக அவன் செய்யாத ஏற்பாடு இல்லை. ஐவிக்கு அடையாறில் ஒரு பள்ளியில்தான் தேர்வுப் பணி போட்டிருந்தார்கள். அந்த உத்தரவை அவள் கைப்பையிலிருந்து எடுத்து இரண்டு முறை படித்துப் பார்த்திருந்தான். காலை ஐந்தேகாலுக்கு வழக்கம்போல டிபன் பாக்ஸோடு வேலைக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பி, ராயப்பேட்டையில் ஒரு டீக்கடை பெஞ்சில் புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான். ஏழு மணிக்கே போனை அணைத்துவிட்டான். அது அடிக்கிற ஒவ்வொரு தடவையும் படித்தது மறந்துபோனதுதான் காரணம். எட்டரைக்கு ஐவி அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். 'ராயப்பேட்டையில ஒருத்தருக்கு ஜுரம், என் டூட்டிய மாத்திட்டாங்க, அங்க போறேன்' என்று சொல்வதற்காக. அது அவனுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

பத்தாம் வகுப்பில் ஜாக்சன் தவறியது தொண்ணூற்று ஐந்தில். அறிவியலில் இருபத்தேழு மார்க். அப்போது அது பெரிய துக்கமாகவும் இல்லை. ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டான், லைசென்ஸ் வாங்கினான், தரமணிக்கு ஆபீஸ் பஸ் ஓட்டினான். துக்கம் பின்னால் வந்தது, பெண் பார்க்கப் போன அன்று. ஐவியின் வீடு வாத்தியார் வீடு. அப்பா ஆம்ப்ரோஸ் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், அம்மா டீச்சர், அத்தைகள் இரண்டு பேரும் டீச்சர், அந்த வீட்டுப் பூனைகூட டீச்சர் டிரெயினிங் முடித்த மாதிரிதான் ஆளைப் பார்க்கும். காபி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆம்ப்ரோஸ் சார், "தம்பி என்ன படிச்சிருக்காப்ல?" என்று கேட்டார். ஜாக்சன் வாயைத் திறப்பதற்குள், அவன் பக்கம் பேச வந்திருந்த லாரன்ஸ் மாமா, "பிளஸ் டூ பாஸு சார். மேல படிக்க வசதி இல்ல," என்றார். லாரன்ஸ் மாமா யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர், அவரால் விளைந்த வம்புகள் எல்லாம் இந்த வகைதான். கதவுக்குப் பின்னால் ஐவி நின்றிருந்தாள். ஜாக்சன் மறுத்துப் பேசவில்லை. அப்போது சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ அவமானம். கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தான், மகள் பிறக்கட்டும் என்று நினைத்தான், மாமனார் காலம் ஆகட்டும் என்றுகூட ஒரு தடவை நினைத்துவிட்டு அதற்காகத் தனியாகக் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தான். இந்தப் பொய்யை மட்டும் சாமியாரிடமும் சொல்லவில்லை. சாமியார் ஐவியின் பள்ளிக்கூடத் தாளாளர்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வேலை பார்க்கும் இடத்தில் நிர்வாகம் மாறியது. ஜாக்சன் அப்போது டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் இருந்தான். எந்த ஷிஃப்டுக்கு எத்தனை பேர், எத்தனை வண்டி, எந்த வழி என்று பிரித்து அனுப்புகிற வேலை. புது நிர்வாகத்தினர் எல்லோரிடமும் பத்தாம் வகுப்பு ஒரிஜினல் சான்றிதழ் கேட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி அவகாசம் வாங்கினான். தேர்வு அலுவலகத்தில், பழைய மார்க் எதுவும் செல்லாது, ஐந்து தாளும் புதிதாக எழுத வேண்டும் என்றார்கள். சனிக்கிழமைகளில் ஷிஃப்ட் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் செய்முறை வகுப்புக்குப் போனான். போன ஏப்ரலில் நான்கு தேறிவிட்டது. அறிவியல் எழுத்துத் தேர்வில் இருபது வாங்க வேண்டிய இடத்தில் பதினேழு. முப்பது வருஷம் கழித்தும் அதே அறிவியல். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற டீச்சரோடு ஒரே வீட்டில் படுத்து எழுந்தும் பதினேழு.

ஐவி மாலை ஐந்து மணிக்கு ஹாலில் டியூஷன் எடுப்பாள். ஜாக்சன் அந்த நேரத்தில் சமையலறையில் இருப்பான், வெங்காயம் நறுக்குவான், மீன் கழுவுவான். புருஷன் வேலையிலிருந்து வந்தும் சமையலுக்கு உதவுகிறான் என்று சாந்தோமில் அந்தத் தெருப் பெண்கள் எல்லோருக்கும் ஐவிமேல் பொறாமை. அவன் காது பூராவும் ஹாலில் இருந்தது யாருக்குத் தெரியும்? பாடம் புரியும். கேட்கும்போது புரியும். சந்தேகம் வந்தால்தான் கஷ்டம், வெங்காயத்திடமா கேட்பது. மூன்று வாரத்துக்கு முன்னால் சில உலோக ஆக்ஸைடுகளைச் சூடுபடுத்தினால் உலோகமும் ஆக்சிஜனும் தனித்தனியாகப் பிரிவதைப் பற்றி அவள் நடத்தினாள். ஜாக்சன் ஒரு துண்டுக் காகிதத்தில் மெர்குரிக் ஆக்ஸைடை எழுதி, வலது பக்கம் இரண்டு ஆக்சிஜன், இடது பக்கம் ஒன்றுதானே என்று, HgO என்பதன் காலடியில் ஒரு குட்டி 2 போட்டு HgO₂ → Hg + O₂ என்று சமன் செய்துவிட்டான். இரண்டு பக்கமும் எண்ணிக்கை சரியாக இருந்தது. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

அந்தக் காகிதம் எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை. மறுநாள் ஐவி அதைப் பாயோரத்தில் கண்டெடுத்தாள். சிவப்பு மையால் அந்தக் குட்டி 2-ஐ வட்டம் போட்டு, பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டு, டியூஷன் பிள்ளைகளிடம் காட்டினாள். "யார் எழுதினது இது? திட்ட மாட்டேன். பேர் சொன்னா போதும்." ஆறு பிள்ளைகளும் உதட்டைப் பிதுக்கினார்கள். "ஃபார்முலாவுல கை வெக்கக் கூடாது. இந்தச் சின்ன நம்பர் அந்தப் பொருளோட பிறப்பு. அதை மாத்தினா பொருளே வேற ஆயிடும். முன்னாடி போடற பெரிய நம்பர்தான் நம்ம கையில இருக்கு." எழுதியவன் வந்து ஒப்புக்கொள்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டாள். மூன்று வாரமாக ஜாக்சன் தண்ணீர் பாட்டிலை எடுக்கும்போதெல்லாம் தன் கையெழுத்தைப் பார்த்தபடி நின்றான். கிழித்துப் போடவும் பயம், விட்டுவைக்கவும் பயம்.

மணி அடித்தது. ஐவி வினாத்தாள்களை ஒவ்வொரு வரிசையிலும் முதல் ஆளிடம் கொடுத்துப் பின்னால் கடத்தச் சொல்லிவிட்டு, முதல் வரிசையிலிருந்து ஹால் டிக்கெட்டைச் சரிபார்க்கத் தொடங்கினாள். போட்டோவைப் பார்ப்பாள், முகத்தைப் பார்ப்பாள், கையெழுத்து வாங்குவாள், அடுத்த ஆள். ஓடிவிடலாமா என்று ஜாக்சன் யோசித்தான். வயிற்றுவலி என்று கையால் முகத்தை மறைத்துக்கொண்டு பின் கதவு வழியாகப் போய்விடலாம். சான்றிதழ் போகும், டெஸ்க் வேலை போகும், மறுபடியும் பஸ் ஓட்டப் போகலாம், பரவாயில்லை. எழுந்திருக்கக் காலை ஊன்றினான். அப்போதுதான் அந்தப் படிவம் ஞாபகத்துக்கு வந்தது. தேர்வுப் பணிக்குப் போகிறவர்கள், எனக்கு உறவினர் யாரும் இந்த மையத்தில் எழுதவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையில் அது கிடந்ததை அவனே பார்த்திருக்கிறான். இந்த மையத்துக்கும் இன்று காலை அவள் ஒன்று கொடுத்திருப்பாள். வருகைத்தாளில் அவன் பெயர் இருக்கிறது, அப்பா பெயர் இருக்கிறது, போட்டோ இருக்கிறது. ஓடினாலும் அது ஓடாது. நாளைக்கு யாராவது பார்த்து, டீச்சர் புருஷன் எழுதின ஹாலில் டீச்சரே கண்காணிப்பா என்று கேட்டால், இருபத்திரண்டு வருஷம் ஒரு மெமோ வாங்காத ஐவி என்ன பதில் சொல்வாள்? தன் பொய்யை அவன் இத்தனை நாளும் தன் சட்டைப்பையில்தான் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். அதில் அவள் கையெழுத்தும் விழுந்துவிட்டது. ஜாக்சன் ஊன்றிய காலை மடக்கி உட்கார்ந்துகொண்டான்.

பாஞ்சாலியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஐவி அவன் பெஞ்சுக்கு வந்தாள். ஹால் டிக்கெட்டைத்தான் முதலில் எடுத்தாள். பெயரைப் படித்தாள். அப்பா பெயரைப் படித்தாள். பிறந்த தேதி, பாடம், தேர்வு எண் என்று மற்றவர்களுக்குப் படிக்காததை எல்லாம் வரிவரியாகப் படித்தாள். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபத்தை எதிர்பார்த்திருந்தான் ஜாக்சன். அங்கே இருந்தது கோபம் இல்லை, எங்கோ பார்த்த ஆள் மாதிரி இருக்கிறதே என்ற குழப்பம்தான். அது அவனை என்னவோ செய்தது.

"ஐவி," என்றான் மெல்ல. "நான் எழுந்து போயிடட்டுமா?"

"உக்காருங்க."

ஹால் டிக்கெட்டை அவன் கையில் கொடுக்காமல் பெஞ்சின்மேல் நேராக வைத்துவிட்டு அவள் வாசலுக்கு நடந்தாள். செருப்பு ஒரு தடவைகூட உரசவில்லை. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த சித்தார்த்தன் சாரைக் கூப்பிட்டாள். அவர் அங்கே மாற்றுப் பணிக்காக இருந்த ஆசிரியர்.

"சார், இந்த ஹாலுக்கு வேற யாரையாவது போடச் சொல்லுங்க. என் வீட்டுக்காரர் இங்க எழுதறாரு."

"யாரு மேடம்?"

"என் வீட்டுக்காரர். மூணாவது வரிசை. ஜாக்சன். எனக்கு இப்பதான் தெரியும். நான் போய் மெயின் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடறேன்."

குரலை அவள் தாழ்த்தவில்லை. கடைசி பெஞ்சுக்கும் எட்டுகிற பாடம் நடத்தும் குரல். அறையில் இருந்த பத்தொன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாஞ்சாலி வாயில் கையை வைத்துக்கொண்டாள். எந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்து ஜாக்சன் பத்தொன்பது வருஷத்தை ஓட்டினானோ அந்த நிமிஷம் வந்து, இதோ, நடுவீதியில் நிற்கிற மாதிரி நின்றது. மேலே மின்விசிறி அதே வேகத்தில்தான் சுற்றியது. கீழே தெருவில் யாரோ தண்ணீர் லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஜாக்சனுக்குக் கண் கலங்கியது. அவமானத்தால் இல்லை. சின்ன வயதில் காய்ச்சல் விட்டு வியர்க்கும்போது இருக்குமே, உடம்பெல்லாம் நனைந்து, பசிக்க ஆரம்பித்து, அந்த மாதிரி ஒரு ஆறுதல். இனி மறைக்க ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் என்று சொன்னாளே, அந்த ஒரு சொல் போதும். என் வீட்டுக்காரர், மூணாவது வரிசை.

சித்தார்த்தன் சார் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "ம், எல்லாரும் உங்க பேப்பரைப் பாருங்க," என்றார்.

எழுதினான். சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதில் எட்டு நிச்சயம், நான்கு மாதாவின் கையில். இரண்டு மார்க்கில் நான்காவது கேள்வி: சில்வர் ஆக்ஸைடைச் சூடுபடுத்தும்போது நடக்கும் வெப்பச்சிதைவு வினையை எழுதிச் சமன் செய்க. Ag₂O → Ag + O₂ என்று எழுதினான். இடது பக்கம் ஆக்சிஜன் ஒன்று, வலது பக்கம் இரண்டு. பேனா தானாக O-வின் காலடிக்குப் போனது. ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த சிவப்பு வட்டம் கண்முன் வந்தது. கையை எடுத்துவிட்டான்.

ஃபார்முலாவில் கை வைக்கக் கூடாது. சரி, வைக்கவில்லை. அப்புறம்? வியர்த்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க, அவை அவன் டெஸ்க்கில் தினமும் நடக்கிற விவகாரமாகத் தெரிந்தன. Ag₂O என்பது ஒரு வண்டி. மூன்று சீட்டு. இரண்டில் வெள்ளி, ஒன்றில் ஆக்சிஜன். ஆள் கூடிவிட்டது என்பதற்காக வண்டியில் சீட்டைக் கூட்ட முடியுமா? ஆர்.டி.ஓ. விடுவாரா? வண்டியைத்தான் கூட்ட வேண்டும். ஆக்சிஜன் இறங்கினால் தனியாகப் போகாது, இரவு ஷிஃப்டுப் பெண்களைத் தனியாக அனுப்பக் கூடாது என்று விதி இருக்கிறதே, அதுபோல ஜோடியாகத்தான் போகும். அப்படியானால் இன்னொரு வண்டியைக் கூப்பிடு. இரண்டு வண்டி. ஆக்சிஜன் இரண்டும் சேர்ந்து கிளம்பிவிட்டது. வெள்ளி எத்தனை இறங்கியது? வண்டிக்கு இரண்டு, மொத்தம் நான்கு. நான்கும் தனித்தனி ஆள், தனித்தனி வீடு. 2Ag₂O → 4Ag + O₂. ஜாக்சன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூன்று முறை தலை எண்ணினான். ஒருவரையும் விடவில்லை, ஒருவரும் கூடுதல் இல்லை. முப்பது வருஷமாக இதை இவர்கள் ரசாயனம் என்று சொல்லி அவனை ஏமாற்றியிருக்கிறார்கள்.

ஒன்றேகாலுக்கு வெளியே வந்தபோது, பாஞ்சாலி அவன் கூடவே படியிறங்கினாள். "சார், வூட்ல டீச்சர வெச்சிகினு நீ எங்கள மாதிரி பயந்துகினு இருந்தியா? போ சார்," என்றாள். சற்று தூரம் போய்த் திரும்பி, "அந்தம்மா அங்க நிக்குது. மொதல்ல சாப்டச் சொல்லு, பேச்சு அப்பால," என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினாள்.

ஐவி எதிர்ச்சாரி டீக்கடை வாசலில் நின்றிருந்தாள். கைப்பை தோளில். குடை கையில். ஜாக்சன் தெருவைத் தாண்டினான். இரண்டு பேரும் கடைக்குள்ளே போய்ச் சின்ன மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். டீயும் பட்டர் பிஸ்கட்டும் வந்தன. யாரும் தொடவில்லை.

"எத்தனை வருஷமா?" என்று கேட்டாள்.

"எது?"

"படிக்கறது."

"ரெண்டு வருஷம்."

"பொய் சொல்றது?"

"பத்தொம்பது."

அவள் தலையாட்டினாள். பிஸ்கட்டை எடுத்து டீயில் நனைத்தாள், அது உடைந்து உள்ளே விழுந்தது. "லெட்டர் எழுதிக் குடுத்தேன்," என்றாள். "என் கணவர் தேர்வு எழுதுவது எனக்குத் தெரியாதுன்னு. அத எழுதும்போதுதான்..." பிஸ்கட் விழுந்த தம்ளரைத் தள்ளி வைத்தாள். "அவ்ளோ கேவலமா இருந்துச்சு. அந்த சென்டரோட பெரிய மேடம் படிச்சுட்டு, நீங்களே வந்து சொல்லிட்டீங்கல்ல, ஒண்ணும் வராதுன்னாங்க. நாளைக்கு வேற சென்டர்."

ஒன்றும் வராது. ஜாக்சன் அதை மனசுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான். காலையிலிருந்து மார்பில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது.

"உங்க அப்பாகிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா அவர் குடுத்திருக்க மாட்டாரு," என்றாள் ஐவி. அவனுக்குச் சமாதானம் சொல்வதற்காக அவள் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. "எனக்கு அது கோவம் இல்ல. பத்தடி தள்ளி நான் பாடம் நடத்தறேன். நீங்க கிச்சன்ல நின்னு திருடன் மாதிரி கேட்டிருக்கீங்க. ஒரு டவுட்டு கேக்க ஆள் இல்லாம. நான் அவ்ளோ பொல்லாதவளா?"

பொல்லாதவள் இல்லை என்பதுதான் கஷ்டம். பொல்லாதவளாக இருந்திருந்தால் எப்போதோ சொல்லித் தொலைத்திருப்பான்.

ஐவி கையை நீட்டினாள். வினாத்தாளைக் கேட்கிறாள் என்பது அவனுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. எடுத்துக் கொடுத்தான். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். "இது என்ன போட்டீங்க? சில்வர் ஆக்ஸைடு?"

வினாத்தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினான். அவள் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். இடது பக்கம் வெள்ளி நான்கு. வலது பக்கம் நான்கு. ஆக்சிஜன் இரண்டு, இரண்டு. ஒரு டிக் போட்டாள்.

"என் டியூஷன் பசங்களே இதத் தப்பு பண்ணுதுங்க. காலுக்குக் கீழ போய் நம்பர மாத்திடுதுங்க. ஃப்ரிட்ஜுல ஒட்டியிருக்கேனே, அந்த மாதிரி..."

ஜாக்சன் டீ தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க," என்றாள் ஐவி மெதுவாக.

"ம்."

"அது யாருது?"

"என்னுதுதான்."

அவள் அவனைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். பேனாவைக் கீழே வைத்தாள். முதலில் தோள்தான் குலுங்கியது, அழுகிறாளோ என்று ஜாக்சன் பயந்துபோனான். அப்புறம் சத்தம் வந்தது. மூக்கு சிவந்து, கண்ணில் நீர் வந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் அடங்காமல் சிரித்தாள். "மூணு வாரமா," என்றாள், "மூணு வாரமா அந்தப் பசங்கள நான்... தஹ்சீன் பாவம், குர்ஆன் மேல சத்தியம் மிஸ்னு அழுதுச்சு." மறுபடியும் சிரித்தாள். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அழுகையும் அதில் கொஞ்சம் இருந்தது, ஜாக்சனுக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, நிறையப் பேச வேண்டியிருக்கிறது, அவள் அவ்வளவு சீக்கிரம் விடமாட்டாள். விடவும் வேண்டாம். அவன் தன் பிஸ்கட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான். அவள் எடுத்துக்கொண்டாள். பாஸாகுமா என்று அவன் கேட்டதற்கு, வினாத்தாளை முழுதும் பார்த்து ஓரத்தில் கூட்டிப் போட்டு, "இருபத்தி ரெண்டு வரலாம், கையெழுத்து புரிஞ்சா," என்றாள்.

மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வழக்கம்போல வாசலில் செருப்பை உதறிவிட்டு வந்தார்கள். பாய் விரிந்தது, பைகள் விழுந்தன. ஜாக்சன் பழக்கத்தில் சமையலறைக்குப் போய் வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தான். ஃப்ரிட்ஜ் கதவில் அந்தக் காகிதம் அப்படியே இருந்தது. வந்ததும் ஐவி அதை எடுத்துவிடுவாள் என்று நினைத்திருந்தான். அவள் அதைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அதைத் தொடாமல் ஹாலுக்குப் போய்விட்டாள். எடுக்க வேண்டியது யார் என்பதை அவள் சொல்லவில்லை.

"மிஸ்," என்றது ஹாலில் ஒரு குரல். தஹ்சீன்தான். ஃப்ரிட்ஜ் தெரிகிற இடத்தில்தான் அவள் எப்போதும் உட்காருவாள். "அது யாருன்னு தெரிஞ்சிடுச்சா மிஸ்? சத்தியமா நான் இல்ல மிஸ்."

புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. இல்லை என்று சொல்லிவிடலாம், பாடத்தைப் பார் என்று அதட்டிவிடலாம், ஐவிக்கு எத்தனையோ வழி. அவள் காத்திருந்தாள்.

ஜாக்சன் கத்தியைக் கீழே வைத்தான். காந்தத்தை நகர்த்திக் காகிதத்தை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்து நின்றான். ஆறு பிள்ளைகளும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஐவியும் பார்த்தாள். அங்கிள் எதற்காக அப்படி நிற்கிறார் என்று யாருக்கும் விளங்கவில்லை. வெங்காயத் தோல் ஒட்டிய வலது கையை, அந்தக் காகிதத்தோடு, வகுப்பில் தூக்குகிற மாதிரி மேலே தூக்கினான்.